முப்பது எம்பி ஏரி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மருத்துவமனைச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி இருபது வருஷமாக அவர் 'நூறு'. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தபோது முதலாளி வைத்த பெயர் அது. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு எதையாவது மாற்றினால், திரையில் ஓடும் பட்டை நூறு சதவீதத்தைத் தொடும்வரை மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். தொண்ணூற்றொன்பதில் டீ வந்தால் அது ஆறி அவலாகட்டும் என்று விட்டுவிடுவார். கடையில் மற்றவர்கள் ஃபைல்களை வெட்டி எடுத்து ஒட்டுவார்கள். இவர் வெட்டவே மாட்டார். பிரதி எடுப்பார், இரண்டு பக்கமும் அளவு ஒன்றுதானா என்று பார்ப்பார், திறந்து பார்ப்பார், அதற்குப் பிறகுதான் பழையதை அழிப்பார். "இவன்கிட்ட குடுத்தா நேரம் போகும், பொருள் போகாது" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பாதி பெருமையும் பாதி எரிச்சலுமாகச் சொல்வார்.

இப்படிப்பட்ட ஆளின் கையால்தான் அந்த ஏரி போனது. கவனமில்லாதவன் தொலைத்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தவர் தொலைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஊரான் டிஸ்க்கில் லேசாக ஒரு சத்தம் கேட்டாலே கண்டுபிடித்துவிடுகிற நூறு, தன் உடம்பில் வருஷக்கணக்காக ஏறிக்கிடந்த ரத்த அழுத்தத்தைக் கண்டுபிடிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. அதன் பிறகு வேலை என்றால் டயாலிசிஸ்தான். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு வேன் வரும். மருத்துவமனையின் பின்கட்டடத்தில், சலவை அறையைத் தாண்டி, நீளமான ஒரு கூடம். ஆறு சாய்வு நாற்காலிகள், ஆறு இயந்திரங்கள். வாசலிலேயே எடை பார்க்கும் மெஷின். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனையும் குடித்த தண்ணீர், உடம்பை விட்டுப் போக வழியில்லாத தண்ணீர். இயந்திரம் அதை நாலு மணி நேரத்தில் உறிஞ்சி எடுக்கும். கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும்போது, குடித்த ஒவ்வொரு மடக்கும் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது. நூறின் மனைவி ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தாள். மாத்திரைக்கு ஒரு கோடு, காலைக்கு ஒரு கோடு. அந்தப் பாட்டிலை அவர் பார்க்கிற பார்வையைப் பார்த்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். தாகம் என்றால் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு ஒன்றும் தெரியாது.

கூடத்தில் ஒரு தள்ளுவண்டியில் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. நோயாளி ஒருவர் இறந்த பிறகு அவருடைய வீட்டார் கொடுத்தது. அதில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று. ரோடு போடலாம், வீடு கட்டலாம், ஆற்றை மறிக்கலாம். ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும், மறு கை சும்மாதானே கிடக்கிறது? வண்டி ஒவ்வொரு நாற்காலியாகப் போகும், ஆளுக்கு அரை மணி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஊர். புதிதாக வருகிறவர் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். ஆள் போய்விட்டால் அந்த வீட்டை யாரும் இடிக்கக் கூடாது, அதுதான் சட்டம். நூறு அங்கே சேர்ந்தபோது ஊரில் பதினேழு வீடு. நாற்காலியில் இருந்தது ஆறு பேர்.

அந்த ஊரின் தண்ணீர் மொத்தமும் டீச்சர் பொறுப்பு. முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது, தங்கச்சி வீட்டோடு இருந்தார். மூன்று வருஷமாக மலைக்கு நடுவில் கரை கட்டி ஒரு ஏரியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"குடிக்கத்தான் விடமாட்டேங்கிறாங்க. தேக்கி வைக்கக்கூடவா கூடாது?" என்பார்.

பக்கத்து நாற்காலி கண்டக்டர், பஸ்ஸில் முப்பது வருஷம் விசில் ஊதியவர், விடமாட்டார். "டீச்சர், அதுல ஒரு டம்ளர் மோந்து குடுங்க, சிஸ்டருக்குத் தெரியாம குடிச்சிக்கிறேன்."

"வரிசையில வாங்க" என்பார் டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீச்சர் ஏற்கெனவே இரண்டு தடவை டயாலிசிஸை நிறுத்திவிடப் பார்த்தவர். இரண்டாம் தடவை சிஸ்டரும் தங்கச்சியும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தபோது எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இந்த ஏரி நிரம்புற வரைக்கும் வர்றேன். நிரம்பிடுச்சுன்னா என்னை யாரும் கூப்பிடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அத்தனை பேருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு திருட்டு நடந்தது. டீச்சருக்குப் பிறகு வண்டி கண்டக்டரிடம் போகும். அவர் முதல் வேலையாக ஏரியின் மதகைத் திறப்பார். நாலடி குறைந்ததும் மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி ரோடு போட ஆரம்பிப்பார். கண்டக்டர் வராத நாளில் நூறு திறப்பார். இரண்டு பேரும் முடியாத நாளில் சிஸ்டரே கையுறையைக் கழற்றிவிட்டு வந்து திறந்திருக்கிறார். இதைப் பற்றி யாரும் யாரோடும் பேசிக்கொண்டதில்லை. ஏரி ஏறும், இறங்கும். டீச்சர் வந்துகொண்டிருந்தார். இப்படி ஒன்றரை வருஷம்.

பிறகு கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. திறக்கவே இருபது நிமிஷம், நடுவில் உறைந்துபோகும். அரை மணி முறையில் ஆளுக்குப் பத்து நிமிஷம்கூடத் தேறவில்லை. நூறு பார்த்துவிட்டுச் சொன்னார்: கம்ப்யூட்டரை ஓட்டும் ஓ.எஸ். கெட்டுக் குட்டிச்சுவராகக் கிடக்கிறது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால், விளையாட்டு நூற்றுமுப்பது ஜிபி. கூடத்தில் இன்டர்நெட் கிடையாது. துடைத்தால் திரும்ப இறக்க வழியில்லை. ஆகவே இன்னொரு டிஸ்க் மாட்டி, விளையாட்டை அப்படியே அதற்குக் குடியேற்றிவிட்டு, பிறகுதான் பழையதைத் துடைக்க வேண்டும். பழைய முதலாளி ஒரு டிஸ்க்கைச் சும்மாவே கொடுத்தனுப்பினார்.

"தம்பி, ஏரி போயிடாதே?" என்று டீச்சர் கேட்டார்.

"என் கையில ஒண்ணும் போனதில்ல டீச்சர்."

ஒரு வியாழக்கிழமை, வலது கையில் இரண்டு ஊசியோடு, இடது கையால் வேலையை ஆரம்பித்தார். வெட்டவில்லை, பிரதிதான். பட்டை நகர்ந்தது நத்தை வேகத்தில். இரண்டாம் மணி நேரத்தில் அவருக்கு அழுத்தம் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டர் காலைத் தூக்கி வைத்துவிட்டு, "அதை மூடிட்டுப் படுங்க" என்றார். படுத்துக்கொண்டே பார்த்தார். அறுபது. எழுபத்தைந்து. கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பட்டை நூறைத் தொட்டதும் கண்டக்டர் வாயால் விசில் அடித்தார்.

அதோடு விட்டாரா? இரண்டு பக்கமும் அளவு பார்த்தார், ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. பழைய டிஸ்க்கிலிருந்த விளையாட்டின் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டு, புதிய டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்த்தார். திறந்தது. ஊர் வந்தது, எல்லா வீடும் வந்தன, மலைக்கு நடுவில் ஏரி பளபளவென்று நின்றது. வண்டியை டீச்சர் பக்கம் தள்ளச் சொன்னார்.

"பாத்துக்குங்க டீச்சர். புது டிஸ்க்குல இருந்துதான் ஓடுது."

டீச்சர் நீர்மட்டத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அதன் பிறகுதான் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, பழைய டிஸ்க்கைத் துடைத்தார். அதிலும் அவசரத் துடைப்பு அவருக்கு ஆகாது. மூலை முடுக்கு விடாமல் முழுசாகத் துடைக்கிற ஆள். அதற்கு மூன்று மணி நேரம் பிடிக்கும் என்பதால் வண்டியை அப்படியே ஓடவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை புது ஓ.எஸ். போட்டு முடித்து விளையாட்டைத் திறந்தார். படு வேகமாகத் திறந்தது. திரையில் 'புதிய ஊர்' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. 'தொடர்க' என்பது இல்லை.

ஐந்து நிமிஷத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. இருபது வருஷ அனுபவம் என்பது அதற்கு மட்டும்தான் உதவியது. மரம், வீடு, தண்ணீர் எல்லாவற்றின் படமும் சத்தமும் அந்த நூற்றுமுப்பது ஜிபிக்குள் இருந்தன. ஆனால் எந்த மலைக்கு நடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்த வீடு யாருடையது என்ற கணக்கை மட்டும் அந்த விளையாட்டு வேறிடத்தில் எழுதி வைத்திருந்தது. பழைய டிஸ்க்கில், சாதாரணமாகக் கண்ணில் படாமல் மறைத்துவைத்த ஒரு ஃபோல்டரில். வியாழக்கிழமை புதிய டிஸ்க்கிலிருந்து திறந்தபோது விளையாட்டு அந்தப் பழைய இடத்துக்குப் போய்த்தான் ஊரை எடுத்து வந்து காட்டியிருக்கிறது. சரிபார்த்ததுதான் அவரைக் கவிழ்த்தது. சரிபார்க்காமல் இருந்திருந்தால் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். அவசரத் துடைப்பாக இருந்திருந்தால் தோண்டியாவது எடுத்திருக்கலாம். தன் கெட்டிக்காரத்தனத்தில் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

"என்ன நூறு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார் கண்டக்டர்.

நூறு திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இன்னும் வேலை முடியல டீச்சர், செவ்வாய்க்கிழமை ஆயிடும்" என்று அன்றைக்கு ஒரு பொய் சொன்னார்கள். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நூறு அந்தப் பழைய டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்த மீட்பு வித்தையெல்லாம் செய்து பார்த்தார். சோறு இறங்கவில்லை. மனைவி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள், அதையும் தொடவில்லை. டிஸ்க் துடைத்த சிலேட்டாக இருந்தது.

"நல்லதுக்குன்னு வெச்சுக்கோயேன்" என்றார் கண்டக்டர், செவ்வாய்க்கிழமை வேனில். "முதல்ல இருந்து நிரப்பணும்ல? இன்னும் மூணு வருஷம் வருவாங்க." சொல்லிவிட்டு அவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசி குத்துவதற்கு முன்பே நூறு டீச்சரின் நாற்காலிக்குப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்துவிட்டு வந்து நிற்பவன்போல நின்றார், நாற்பத்தைந்து வயது மனுஷன். மதகுத் திருட்டை மட்டும் சொல்லவில்லை.

டீச்சர் முழுசும் கேட்டார். பிறகு, "அந்தக் கணக்கு ஃபைல் எவ்வளவு பெரிசு?" என்றார்.

"முப்பது எம்பி இருக்கும் டீச்சர்."

"மொத்தத்துல?"

"நாலாயிரத்துல ஒரு பங்குகூட வராது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யானை போயி வாலு மாட்டுன கதையா இருக்கே" என்றார். அன்றைக்கு வண்டி அவர் பக்கம் வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாலு மணி நேரமும் அப்படியே இருந்தார். போகும்போது சிஸ்டரின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை டீச்சர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. சிஸ்டர் ஃபோன் செய்தார், டாக்டர் ஃபோன் செய்தார். சுயநினைவோடு யோசித்து எடுத்த முடிவு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று என்று தங்கச்சி அழுதுகொண்டே சொன்னாளாம்.

திங்கட்கிழமை நூறு பஸ் ஏறிப் போனார். இரண்டாம் மாடி, படியேறுவதற்குள் நாலு தடவை நின்றார். தங்கச்சி கதவைத் திறந்துவிட்டு உள்ளே கையைக் காட்டினாள். டீச்சர் ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. பக்கத்து ஸ்டூலில் எவர்சில்வர் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

"உக்காருப்பா. படியேறி வந்தியா, இந்த உடம்போட?"

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "உங்க ஏரியில இருந்து நாங்க தண்ணி..."

"மதகுதானே? நாலடி நாலடியா எறக்குவீங்க. நான் கணக்கு டீச்சர்ப்பா. முதல் வாரமே தெரியும்."

நூறு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"எனக்காக இத்தனை பேர் திருட்டு வேலை பண்றாங்களேன்னுதான் வந்தேன். வேற என்ன? ஏரி நிரம்பினா என்ன, வத்தினா என்ன." கொஞ்சம் நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டார். "ஆனா பாரு, ஒன்றரை வருஷம் மதகைத் திறந்தீங்க. ஒருத்தர்கூட வாயைத் திறந்து 'இருங்க டீச்சர்'னு சொல்லலியே."

நூறு அழுதுவிட்டார். சத்தம் வராமலிருக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அழுதார். பிறகு சொன்னார்: "இருங்க டீச்சர். வியாழக்கிழமை வாங்க. நான் கரை கட்டித் தர்றேன். ஏரி இல்லாட்டியும் வாங்க. நீங்க வேணும் எங்களுக்கு."

டீச்சர் அவர் கையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். ஊசி ஏறி ஏறிப் புடைத்துக் கிடந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"சொல்லிட்ட. கேட்டுக்கிட்டேன். சந்தோஷமா இருக்கு" என்றார். "ஆனா என்னால முடியலப்பா. நெசமாவே முடியல."

"எல்லாம் என்னாலதான் டீச்சர்."

"உன் தப்பு இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். உன் தப்புதான். அதனால உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கோ, ஒண்ணை மட்டும் தூக்கிட்டுப் போகாத."

பிறகு செம்பை இரண்டு கையாலும் எடுத்தார். நடுவில் மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தி, பாதிக்கு மேல் குடித்தார். நூறு வேறு பக்கம் பார்க்க நினைத்தார், பார்க்க முடியவில்லை. தண்ணீர் தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது. மூன்று வருஷத்தில் தன்னைப் போன்ற ஒருவர் வயிறாரத் தண்ணீர் குடிப்பதை அவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. குடித்து முடித்ததும் டீச்சர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது டீச்சர் போய்விட்டார்.

சனிக்கிழமை வேனைத் தவறவிட்டுப் பஸ்ஸில் வந்து எடை மெஷினில் நூறு ஏறி நின்றார். சிஸ்டர் எழுதிக்கொண்டார், ஏறிட்டுப் பார்க்கவில்லை. டீச்சர் நாற்காலியில் புதிதாக ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். கையில் சுற்றியிருந்த கட்டுத்துணியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் பாவம், முதல் நாள். அதற்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"கண்டக்டர் எங்க?"

"வேன் போய் ஹாரன் அடிச்சிருக்காங்க. கால் வலி, இன்னிக்கு வரலேன்னு ஜன்னல்ல இருந்து கையாட்டிட்டாராம்." சிஸ்டர் ஊசியைப் பிரித்தார். "முந்தாநேத்தும் பாதியில எழுந்து போயிட்டாரு, நீங்களும் பாத்தீங்கள்ல. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்" என்று நூறு கையை இழுத்துக்கொண்டார். ஃபோனை எடுத்து அழைத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்தார். மூன்றாம் தடவை கண்டக்டர் எடுத்தார்.

"என்ன நூறு, ஊசி குத்தலியா உனக்கு?"

"வாங்கண்ணே."

"கால் வலிப்பா. செவ்வாய்க்கிழமை பாக்கலாம்."

"கால் வலி இல்ல அது. எனக்குத் தெரியும். வாங்க. நீங்க இல்லாம என்னால இங்க உக்கார முடியாது. சும்மா சொல்லல, நெசமாத்தான் சொல்றேன். நீங்க இருக்கணும்."

கூடத்தில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு, இனி சாண் என்ன முழம் என்ன" என்றார் கண்டக்டர். பழைய கிண்டல் குரல்தான், ஆனால் உடைந்துபோய் வந்தது. "வேன் வேற போயிடுச்சே."

"வேற வண்டி புடிச்சு வாங்க. நான் இருக்கேன்."

லைன் துண்டிக்கப்பட்டது. சிஸ்டர் ஊசியைக் குத்தினார். காலி நாற்காலியின் இயந்திரத்தையும் தயார் செய்து ஓடவிட்டு வைத்தார். நாலு மணி நேரமும் நூறு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி அவர் பக்கம் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. கண்டக்டர் அன்றைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தார், ஐந்து கிலோ ஏறிப்போய், மூச்சு இரைக்க, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு.